பாப்பாயி அம்மாள் பக்கத்தில் எழுதிய குறிப்பு

புவனா எதையும் ஒரு ஒழுங்கு வைத்துத்தான் செய்வாள். செய்த பிறகு அது சரிதானா என்று நாலு தரம் யோசிப்பாள். பகலில் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. சாயங்காலம் பஸ் பிடித்துக் காந்திபுரம் வந்து கம்ப்யூட்டர் கிளாஸ். 1999 ஐப்பசியில், சென்டர் நடத்துகிற வெங்கடபதி சார் இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் போடக் கற்றுக்கொடுத்தார். மற்றவர்கள் சினிமா, கிரிக்கெட் என்று போட்டார்கள். புவனா தன் டைரியைப் போட்டாள்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், கேன்டீனில் என்ன பேசிக்கொண்டார்கள், இவ்வளவுதான். சென்டரில் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் பேசுகிற பேச்சை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்துவைத்தாள். பக்கத்தின் அடியில் வந்தவர் எண்ணிக்கை காட்டும் சின்னப் பெட்டி இருந்தது. கிளாசில் அதற்கு 'மீட்டர்' என்று பெயர். புவனாவின் மீட்டர் நகரவே இல்லை. நகர்ந்தபோதெல்லாம் பார்த்தது புவனாதான்.

மார்கழி பிறந்ததும் சார் சொன்னார். "இணையத்துல நமக்குக் குடுத்திருக்கற எடம் கொஞ்சந்தானுங்க. தையில புது பேட்ச் வருது. ஆள் வராத பக்கத்தையெல்லாம் எடுத்துப்போடுவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

புவனாவுக்கு அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அவள் எழுதியதை வேறொருவர் படிக்கக்கூடும் என்றிருந்த ஒரே இடம் அதுதான். மறுநாள் சாரிடமே கேட்டாள்.

"ஆள் வர வைக்கறதுக்கு என்னங்க சார் பண்ணோணும்?"

"கல்யாணம் வெச்சா பத்திரிகைய அடிச்சு வெச்சுட்டு ஊட்டுல உக்காந்துக்குவீங்களா அம்மணி? ஊடு ஊடாப் போயிக் கூப்புடறதில்ல? அதே கணக்குத்தான். அடுத்தவங்க பக்கத்துக்குப் போங்க. வந்தவங்க எழுதறதுக்குன்னு கெஸ்ட் புக் வெச்சிருப்பாங்க, அதுல நாலு வரி எழுதுங்க. அவங்க நம்ம பக்கம் வருவாங்க."

புவனா முறையாக இறங்கினாள். நாலு வரியைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். 'வணக்கமுங்க. உங்க பக்கம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. பார்த்து சந்தோசப்பட்டேனுங்க. எங்க பக்கத்துக்கும் ஒருக்கா வாங்க. போயிட்டு வாரேனுங்க. புவனா, அன்னூர்.' கீழே தன் பக்கத்தின் முகவரி. இதை ஒரு பிளாப்பியில் போட்டுக்கொண்டாள். போகிற இடமெல்லாம் ஒட்டினாள்.

சென்டரில் ஒரு ஆளுக்கு அரை மணி நேரம்தான் லைன் கொடுப்பார்கள். ஒரு படம் வந்து சேர்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆகவே படங்கள் வராதபடி நிறுத்திவைத்தாள். தமிழில் இருந்த பக்கங்கள் அந்த மெஷினில் பூச்சி ஊர்ந்த மாதிரி தெரிந்தன. தமிழர் பக்கம் என்றால் வருவார்கள் என்ற நம்பிக்கையில் அங்கேயும் அந்த நாலு வரியை வைத்தாள். ஒரு பக்கத்தின் தலைப்பில் 'பாப்பாயி அம்மாள்' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. யாரோ தாயார் பெயரில் லாரி ஆபீஸ் நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மீட்டர் கொஞ்சம் நகர்ந்தது. வந்தவர்கள் 'நன்றி, எங்கள் பக்கத்துக்கும் வாருங்கள்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாரும் ஒரு வரி படித்ததாகத் தெரியவில்லை.

கூடப் படிக்கிற சிக்கந்தர் ஒரு நாள் தமிழ் எழுத்து இருக்கிற பிளாப்பியோடு வந்தான். சாரைக் கெஞ்சி அனுமதி வாங்கி மெஷினில் ஏற்றினான்.

"இனிமே பூச்சி ஊராது. ஏதாவது தமிழ்ப் பக்கம் சொல்லுங்க புவனா, பாக்கலாம்."

புவனா பாப்பாயி அம்மாளைச் சொன்னாள். சிக்கந்தர் படத்தையும் வரவிட்டான். அது மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் சந்தன மாலையின் மேல் முனை. பிறகு நரைத்த வகிடு, பெரிய பொட்டு, மூக்குத்தி. மாலை இரண்டு பக்கமும் இறங்கிக்கொண்டே வந்தது. மாலையின் அடிமுனை வருவதற்கு முன்பே புவனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

படத்தின் கீழே எழுதியிருந்தது: 'எங்கள் அம்மா. உடுமலைப்பேட்டை. அம்மா தவறியபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கையைப் பிடிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் இதில் எழுதலாம். நஞ்சுண்டன்.'

எழுதியும் இருந்தார்கள். தாராபுரத்து மருமகள், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர்களுக்கு நடுவில் புவனா. ரொம்ப நல்லா இருக்குதுங்க. சந்தோசப்பட்டேனுங்க. போதாததற்கு, எங்க பக்கத்துக்கும் வாங்க. எல்லாவற்றுக்கும் மேல், போயிட்டு வாரேனுங்க.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னக் குழந்தையைக்கூட அங்கிருந்து வாயைப் பொத்தித்தான் கூட்டிவருவார்கள்.

சிக்கந்தர் சிரிக்கவில்லை. "எங்க பெரியப்பா மய்யத்து எடுத்த அன்னைக்கு ஒருத்தர் வந்து கல்யாணப் பத்திரிகை வெச்சாருங்க. இன்னைக்கும் நாங்க அவரோட நல்லாத்தான் பேசறோம்" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். புவனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைய அரை மணி நேரம் முழுக்க ஒரே குறிப்பை எழுதினாள். 'உங்க அம்மா படத்தை நான் பார்க்கலீங்க. தமிழ் எழுத்தும் எங்க மெஷின்ல தெரியலீங்க. நேரம் மிச்சம் புடிக்கறதுக்காக படத்தை நிறுத்தி வெச்சிருந்தேன். பார்க்காமயே நல்லா இருக்குதுன்னு எழுதுனது தப்புங்க. துக்க ஊட்டுல வந்து என் ஊட்டுக்குக் கூப்புட்டிருக்கேன். மன்னிச்சுக்குங்க. முன்னால எழுதுனதை எடுத்துப்போடுங்க.' இந்த முறை தன் முகவரியைப் போடவில்லை.

எழுந்து போய் சாரிடம், "என் பக்கத்தை நீங்க தை வரைக்கும் வெச்சிருக்க வேண்டாமுங்க சார். இப்பவே எடுத்துருங்க" என்றாள்.

"எடுக்கறது ஒரு நிமிச வேலை. போடறதுக்கு நீங்க எத்தன நாள் ஒக்காந்தீங்க? போயி ஊடு சேருங்க அம்மணி."

அதன்பின் சில நாள் புவனா தன் பக்கத்தைத் திறக்கவில்லை. நாலு வரி ஒட்டிய தமிழ்ப் பக்கங்களுக்கெல்லாம் திரும்பப் போய், இந்த முறை படித்தாள். ஒருவர் துபாயில் மொட்டை மாடியில் முருங்கை வளர்க்கிறார். புழுத் தொல்லையைப் பற்றி அழாத குறையாக எழுதியிருந்தார். அவளோ சந்தோசப்பட்டேனுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள் என்று எழுதினாள்.

சிக்கந்தர்தான் அவளைக் கூப்பிட்டான். "ஏனுங்க புவனா, உங்க மீட்டருக்கு என்னாச்சு? ஓடிட்டே இருக்குது!"

புவனாவின் கெஸ்ட் புக்கில் முதலில் இருந்தது நஞ்சுண்டன் எழுதியது.

'அம்மணி, நீங்க மொதல்ல எழுதுனதப் பார்த்துட்டு திட்டலாம்னுதான் உங்க பக்கம் வந்தேன். என்ன திட்டறதுன்னு மனசுல கூட்டி வெச்சுட்டே வந்தேன். வந்த எடத்துல, கோயில்பாளையத்துல பஸ் பஞ்சராகி எல்லாரும் எறங்கி நின்னு டிரைவருக்கு யோசனை சொன்னதப் படிச்சேன். அடுத்ததப் படிச்சேன். ஆபீஸ்ல லைட்ட அணைக்கற வரைக்கும் படிச்சேன். எங்கம்மா போனதுக்கப்புறம் இந்தப் பேச்சு என் காதுல விழுகல. திட்ட வந்தத மறந்துபோட்டேன். அதுக்கப்புறம் உங்க மன்னிப்பு வந்துச்சு. முன்ன எழுதுனத எடுக்கல. எடுத்தா எதுக்கு மன்னிப்புன்னு மத்தவங்களுக்கு வெளங்காது. எங்க சொந்தக்காரங்க அதப் படிச்சுட்டு உங்க ஊட்டுக்கு வருவாங்க. சங்கடப்படாதீங்க.'

வந்திருந்தார்கள். 'துக்க ஊட்டுல வந்து தெகிரியமாக் கூப்புட்ட ஆளு ஆருன்னு பாக்க வந்தேனுங்க' என்று அக்கா மகன் எழுதியிருந்தார். 'அந்த டிரைவர் எனக்குத் தெரிஞ்சவருங்க, அவருக்கு ஆரு யோசனை சொன்னாலும் ஆகாது' என்று இன்னொருவர். தாராபுரத்து மருமகள் ஒவ்வொரு நாளையும் படித்துவிட்டு, கேன்டீன் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தாள்.

தை பிறக்க இருந்தது. சார் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். புவனா குறுக்கே போனாள்.

"சார், என்னுதக் கணக்குல எடுத்துக்காதீங்க. இது பாப்பாயி அம்மாளுக்கு வந்த கூட்டமுங்க."

"துக்கம் கேக்க வந்தவங்க கேன்டீன் சண்டைய எதுக்குப் படிக்கோணும்? அவங்க உங்க எழுத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வாராங்க. இருக்கட்டும் போங்க."

சார் எடுத்துப்போட்டதில் சிக்கந்தரின் கிரிக்கெட் பக்கமும் போய்விட்டது. "எனக்கொரு துக்க ஊடு சிக்கலியே!" என்றான். பக்கத்து நாற்காலிப் பெண் அவன் தலையில் தட்டினாள். புவனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளுடைய அரை மணி நேரம் ஆரம்பித்தது. நஞ்சுண்டனுக்கு நன்றி எழுத உட்கார்ந்தாள். ஒரு வரி அடித்தாள், அழித்தாள். இன்னொன்று அடித்து, அதையும் அழித்தாள். எதுவும் அவர் செய்ததற்கு ஈடாகவில்லை. நன்றி என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு மஸ்கட்டில் அவர் என்ன செய்வார்?

டைரிப் பக்கத்தைத் திறந்தாள். அன்று மத்தியானம் கேன்டீனில் சீனிவாசலு அண்ணனும் ராமாத்தாள் அக்காவும் ரசத்துக்காக மறுபடி மோதிக்கொண்டதை முதல் சொல்லிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். அண்ணன் சொன்னது, அக்கா திருப்பிச் சொன்னது, நடுவில் புகுந்தவர்கள் சொன்னது, ஒன்றையும் விடாமல்.