நான்காம் எண் கிணற்றின் சொந்தக்காரர்

நெல்டா புரூயிட்டின் மேய்ச்சல் நிலத்தில், அவளுடைய அப்பா காலத்திலேயே சிமெண்டு போட்டு அடைத்த நான்காம் எண் எண்ணெய்க் கிணறு மார்ச் மாதம் பிளந்துகொண்டது. எண்ணெய் வரவில்லை, கரிப்புத் தண்ணீர்தான் பொங்கியது. புல் கருகி, மூன்று மாடுகள் செத்தன. மாநில அலுவலகத்தில், "மொதல்ல ஓனர் யாருன்னு கண்டுபிடிச்சு நோட்டீஸ் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். கிணறு ஆறு கை மாறியிருந்தது. மாடுகளைத் தம்பி வெஸ்லியிடம் ஒப்படைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, அறுபத்தொரு வயதில் தனியாகப் பிக்கப் வண்டியை எடுத்தாள்.

கடைசியாக வாங்கிய கம்பெனியின் கிரேன் மாவட்டத்து விலாசத்தில் பூட்டிய தகரக் கொட்டகை ஒன்றுதான் இருந்தது. தபால்பெட்டி நிரம்பி, கடிதங்கள் தரையில் கிடந்தன. எதிரே வண்டியில் பரிட்டோ ரொட்டிச் சுருள் விற்ற பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் நீங்க அஞ்சாவது ஆளு, அக்கா. தட்டாதீங்க, உள்ள எலிதான் இருக்கு. விங்க்ளர் கோர்ட்டுல பதிவேடு இருக்கும், போய்க் கேளுங்க."

விங்க்ளர் மாவட்டப் பதிவேட்டில் பெயர் கிடைத்தது: டெல்பர்ட் ஸ்டக்கி, ஆண்ட்ரூஸ் மாவட்டம். மறுபடி சாலை. மணல் லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி ஆடியது. இருபுறமும் சீமைக்கருவேலம், தலையாட்டும் எண்ணெய்ப் பம்புகள், பட்டப்பகலிலும் எரியும் வாயுச் சுவாலைகள். அந்த ஆளிடம் பாட்டிலை நீட்டி, 'இதைக் குடிச்சுக் காட்டு' என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டுக் கதவைத் திறந்தவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, வெறுங்காலில் நின்ற கிழவர்.

"ஒங்க கெணறு எம் மாட்டக் கொன்னுடுச்சு."

"எங் கெணறா? இந்த வீட்டுல கொழாயே ஒழுங்கா வராது தாயி."

அவள் பதிவேட்டு நகலைக் கொடுத்தாள். எட்டப் பிடித்துப் படித்தார்.

"கையெழுத்து என்னுதுதான். அக்கா மவன் ராண்டல் ரெண்டு வருசத்துக்கு முன்ன வந்தான். புகையில வாட்டுன கறி கொண்டாந்தான். இன்சூரன்சுன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனான். எனக்கு எத்தன கெணறு இருக்காம்?"

"நூத்திப் பன்னெண்டு."

சிரிக்கப் பார்த்தார். இருமல் முந்திக்கொண்டது. "இம்புட்டுப் பெரிய மனுசன் ஆயிட்டேன், ஒரு பய சொல்லல."

இத்தனை மைல் சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்குவதென்று நெல்டாவுக்குத் தெரியவில்லை. பாட்டிலை மேசையில் வைத்தாள். முப்பது வருடம் கிணறுகளில் வெல்டிங் செய்தவர் அவர். மூடியைத் திறந்தவர் சட்டென்று மூடினார்.

"அங்க அழுகின முட்ட நாத்தம் அடிக்குதா?"

"முன்ன அடிச்சுது. ரெண்டு வாரமா இல்ல."

"நாத்தம் எங்கயும் போகல. ஒம் மூக்குதான் போச்சு. தண்ணியோட வர்ற அந்த விச வாயு மூக்கச் சாகடிச்சிட்டுத்தான் ஆளச் சாகடிக்கும். காத்தில்லாத நாள்ல பள்ளத்துல தங்கி நிக்கும். இப்ப அங்க யாரு இருக்கா?"

அவள் வெஸ்லியைப் போனில் அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. நான்காவது தடவை எடுத்தான்.

"எங்கடா இருக்க?"

"வண்டியிலதான். தல சுத்துது, ரெண்டு தடவ வாந்தி. கன்னு ஒண்ணு பள்ளத்துல விழுந்து கெடக்கு. இழுத்துட்டு வரேன்."

"போகாத. அது செத்தாச் சாகட்டும். வண்டிய எடுத்துட்டு ரோட்டுக்கு வா."

"இல்லக்கா, இன்னும் உசுரு இருக்கு."

"வெஸ்லி, வாடான்னேன்."

அவன் வந்துவிட்டான். கன்று செத்தது. அந்த வாரமே மிச்ச மாடுகளை அண்டை நிலத்துக்கு ஓட்டிவிட்டு, மேய்ச்சல் நிலத்து வாசல் கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். தண்ணீர் இன்னும் நிற்கவில்லை.

மாநில அலுவலகம் புகார்ப் படிவம் அனுப்பியது. உரிமையாளர் இடத்தில் டெல்பர்ட் பெயர் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு ராண்டல் பெயரை எழுதி அனுப்பினாள். பதிவேட்டோடு பெயர் ஒத்துவரவில்லை என்று செப்டம்பரில் திரும்பி வந்தது, டெல்பர்ட் பெயரே அச்சான புதிய படிவம் ஒன்றோடு. அதில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.