அக்கா வெட்டிய பன்னிரண்டு பட்டைகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. அக்கா ஃபோனில் சொன்னது. சொல்லி முடித்த கையோடு, "இத எழுதிடாதடா" என்றும் சொன்னாள். சரி என்றேன். ஃபோனை வைத்த பத்தாவது நிமிடம் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருப்பது திருட்டுச் சொத்து.

அக்கா ஒரு பிளாஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். அங்கே ஒரு புது ரப்பர் செய்கிறார்கள். பிளேடால் வெட்டி, வெட்டிய முகங்களைச் சேர்த்து அழுத்திவைத்தால் போதும். பசை வேண்டாம், சூடு வேண்டாம், மறுநாள் தானாக ஒன்றாகியிருக்கும். சேர்ந்த இடம் தாங்குகிறதா என்று இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பது அக்காவின் வேலை. உடைந்தது ஒட்டாது என்று காலம்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒன்று ஒட்டுகிறது. எந்த எழுத்தாளனுக்குக் கை அரிக்காது?

2

முதல் தொடக்கம்: "வெட்டுப்பட்ட ஒவ்வொன்றும் தன் மறுபாதியை…" வேண்டாம். இதைக் கல்யாணப் பத்திரிகையில் போடலாம்.

இரண்டாவது: "வெள்ளைக் கோட்டு அணிந்த அந்த விஞ்ஞானி…" அக்கா விஞ்ஞானி இல்லை. கோட்டும் கிடையாது, நீல ஏப்ரன், காதில் செருகிய மார்க்கர்.

மூன்றாவதில் அக்காவை ஆணாக்கிப் பெரிய மீசை வைத்தேன்.

(ஏன் இந்த முன்ஜாக்கிரதை? மூன்று வருடம் முன்பு அக்காவின் மணவாழ்க்கை முறிந்ததைக் கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன், நீளக் கூந்தலைக் குட்டையாக்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் அவளுக்கே ஃபோன் செய்து துக்கம் விசாரித்தார்கள். அதன் பிறகு மழை, விலைவாசி, அம்மாவின் மாத்திரை தவிர அக்கா என்னிடம் எதுவும் பேசியதில்லை. இந்த ரப்பர் விஷயம்தான் அவளாக முதலில் சொன்னது. அதையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னை எதில் சேர்ப்பது?)

3

மீசைக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பட்டைகளை வெட்டினார். ஆறாவது கலவை, இதுவும் தோற்றால் திட்டத்தையே மூடிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். மீசைக்காரர் ஒழுங்குக்குப் பேர்போனவர். (அக்கா வீட்டில் காலுறைக்குக்கூட லேபிள் உண்டு.) ஒவ்வொரு பாதியையும் தனித்தனி உறையில் போட்டு, எண் எழுதி, வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை ஜோடி ஜோடியாக எடுத்துச் சேர்த்து அழுத்திவைத்தார். செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் மாட்டும்போதே பன்னிரண்டும் கையோடு வந்துவிட்டன.

கலவை தோல்வி என்று எழுத மேலாளர் பேனாவை எடுத்தார். இரண்டு வருடமாக அந்தக் கலவைக்காக உழைத்த வேதியியல்காரம்மா தன் குறிப்பேட்டை மூடினார். அவர் எப்போதோ சொன்னது அப்போதுதான் மீசைக்காரருக்கு உறைத்தது. வெட்டிய முகத்தில் இருக்கும் மூலக்கூறுகள் கைகோக்க ஆள் தேடும். உடனே சேர்த்தால் எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நாள் கடத்தினால் தன் பக்கத்திலேயே ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அந்தப் பக்கம் நீட்டக் கை மிச்சம் இருக்காது.

சோதனைப் படிவத்தில் வெட்டிய நேரத்துக்குக் கட்டமே கிடையாது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மீசைக்காரர் எழுந்து… இல்லை, எழவில்லை. இரண்டு நாள் எழுதி எழுதி எழுப்பிப் பார்த்தேன், மனிதர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. எழுந்து பேசியது அக்காதான்.

"வெட்டினது வெள்ளிக்கிழமை, சேத்தது திங்கட்கிழமை. தப்பு ரப்பர்ல இல்ல சார், என்கிட்ட."

மேலாளர் திட்டினாராம், அதுவும் நன்றாகவே. திட்டிவிட்டு, சோதனையைத் திரும்பச் செய்ய ஒரு வாரம் கொடுத்தார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பழைய வெட்டுக்கு வழியே இல்லையா என்று ஃபோனில் கேட்டேன். இருக்கிறதாம். மெல்லிசாகச் சீவிப் புது முகம் கொண்டுவந்து, உடனே சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சீவினால் போதாது, இரண்டையும் சீவ வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் அப்படிச் சேர்த்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.)

4

இந்த இடத்தில் நான் ஓர் உவமை சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்க்கிறீர்கள். எழுதினேன், அடித்துவிட்டேன். பதிலாக, பக்கங்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எழுதிவிட்டேன், வேண்டாமென்றால் கிழித்துவிடலாம் என்று சொல்லிச் சமையலறை மேசைமேல் வைத்தேன்.

அக்கா ஒரு வரி விடாமல் படித்தாள். மீசை வந்த இடத்தையெல்லாம் கோடு போட்டு அடித்தாள். (உங்களுக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறேன்.) பிறகு தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு, இந்தக் கதையை விட்டுவிட்டுப் பழைய கதையைப் பற்றிப் பேசினாள்.

"அதுல நான் கதவச் சாத்திக்கிட்டு அழுததா எழுதியிருந்தே. நான் அழவே இல்லடா. வீட்ட விட்டுக் கிளம்புற அன்னைக்கு அவரு பெட்டிய மூட முடியாம நின்னாரு. நான்தான் மேல ஏறி உக்காந்தேன், அவரு ஜிப்ப இழுத்தாரு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மூன்று வருடமாக ஒரு மன்னிப்பை மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். எல்லாம் அழகான வாக்கியங்கள். ஒன்றுகூட வரவில்லை.

"கேக்காம எழுதினது தப்புக்கா. நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேனே தவிர, உன்ன நெனைக்கல."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"நானும் அன்னைக்கே வந்து உங்கிட்ட சண்ட போட்டிருக்கணும். மழையப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்."

5

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன். ஒன்று: பட்டைகள் தாங்குகின்றன, மேலாளர் கைதட்டுகிறார். இரண்டு: அறுந்துபோகின்றன, வேதியியல்காரம்மா மேலாளரிடம் மன்றாடி ஏழாவது கலவையைத் தொடங்குகிறார். மூன்று: பழைய பட்டை புதியதைவிட… அக்கா மூன்றையும் அடித்தாள்.

"இன்னைக்குத்தான் சீவிச் சேத்து வச்சிருக்கேன். நாளைக்கு இழுப்பேன். தாங்கினா தாங்கட்டும், அறுந்தா திரும்பச் சீவுவேன். அதத் தூக்கி நம்ம கதைக்கு முடிவா வைக்காத."

வெளியிடலாமா என்று கேட்டேன். வைத்துவிட்டுப் போ, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நகல் எதுவும் என்னிடம் இல்லை என்பதைச் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் உண்மை. நான்காவது பகுதியையும் இந்த ஐந்தாவதையும் அவள் எதிரில், அவள் பேனாவை வாங்கித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் தாள்களை அவளிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

நாளை இயந்திரத்தில் என்ன ஆகும் என்பதை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியவேண்டியது அது இல்லை. இந்தப் பக்கங்கள் உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருந்தால், கொடுத்தது அக்காதான்.