பரங்கிக்காய் வரிசை

"நேத்து ஒரு லாரி பரங்கிக்காயையும் நம்ம எழில்மதி ஒண்டியா எறக்கிட்டா. லோடுமேனுங்க எல்லாம் டீ குடிச்சிக்கினு வேடிக்கை பாத்தானுங்க" என்றார் கந்தசாமி.

கள்ளக்குறிச்சி காய்கறி மண்டியில் காலை லாரிக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கந்தசாமி வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மண்டியின் கேட்டைப் பார்த்துக்கொள்பவர். மலைப்பாதையில் பிரேக் போன பஸ்ஸை விசில் ஊதியே நிறுத்தியவர். லேடீஸ் சீட்டில் உட்கார்ந்த கரடியை அதட்டி எழுப்பியவர். எல்லாம் அவர் வாயால் சொன்னதுதான்.

சிரிக்காதவள் ராதிகா ஒருத்தி. வெங்காயம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எம் பொண்ணை வெச்சி காமெடி பண்ணாதீங்க கண்டக்டரே. உங்க கரடியோட நிறுத்திக்குங்க."

"அட, நீ பின்னாடி ஷெட்ல வெங்காயத்தோட அழுதுகினு இருந்தா உனக்கு எப்பிடித் தெரியும்? காயை ஏந்திப் புடிச்சா. 'வா'ன்னு கொரல் வேற குடுத்தா."

"பெத்தவ நானு. என்னையே ஒரு நாளும் வான்னு கூப்ட்டதில்ல அவ."

கந்தசாமி லாரிக்காகக் கேட்டைத் திறக்கப் போனார்.

எட்டு வயது எழில்மதி சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து கோணி நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பித்தான் போட வராது. டம்ளரைத் தூக்கினால் பாதி மடியில். சமதரையிலும் தடுக்கி விழுவாள். நினைப்பது கைகாலுக்குப் போய்ச் சேர இவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், நாம்தான் பொறுத்திருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பந்து பொறுத்திருக்கவில்லை. அது முகத்தில் மோதிய பிறகுதான் இவள் கை மேலே எழும்பும். பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்க்காமல் தங்கள் செருப்புகளுக்குக் காவல் வைத்துவிட்டார்கள். போன வாரம் அங்கேயே விழுந்து உதடு கிழிந்தது.

"கூட வந்து உக்காருங்க, இல்லன்னா வூட்லயே வெச்சிக்குங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியை. கூடப் போய் உட்கார்ந்தால் மண்டி வேலை போய்விடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் ராதிகா மகளைத் தன்னோடு மண்டிக்கே கூட்டி வந்துகொண்டிருந்தாள்.

தியாகதுருகம் பக்கமிருந்து லாரி வந்து நின்றது. மேலே அஜித் ஏறினான். கீழே ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கடைசி ஆளாகக் கந்தசாமியும் சேர்ந்துகொண்டார். பரங்கிக்காய் இறக்குவதில் அந்த மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. காயைக் கையில் வாங்குகிறவர் 'வா' என்று குரல் கொடுக்காமல் கொடுக்கிறவர் அதைக் கையிலிருந்து விடக்கூடாது. பழகியவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. வா, வா, வா என்று காய்கள் கை மாறிப் போகும்.

எழில்மதி நூலைப் போட்டுவிட்டு இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. நேராக வரிசையின் கடைசிக்குப் போய் காய் அடுக்க விரித்திருந்த வைக்கோல் பக்கத்தில் கந்தசாமிக்கு எதிரே நின்றாள். தடுக்க ஓடிய ராதிகாவைக் கந்தசாமி ஒரு கையால் மறித்து, தேங்காய் அளவில் ஒரு பிஞ்சைப் பொறுக்கி எடுத்தார்.

சிறுமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காயைப் பார்த்தாள். ஒரு கால் அகன்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால். வலது கை வந்தது. இடது கை வருவதற்குள் வரிசை முழுதும் தேங்கிவிட்டது.

"இன்னா மாமா, தூக்கமா?" என்று லாரி மேலிருந்து கத்தினான் அஜித்.

"இருடா! டிக்கெட் குடுத்துக்கினு இருக்கேன்."

"வா" என்றாள் எழில்மதி.

காய் வயிற்றோடு அணைந்து நின்றது. குனிந்து வைக்கோலில் வைத்தாள். திரும்பி வந்து நின்றாள். அடுத்தது நழுவி உடைந்தது. சிதறிய விதைகளைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகு கால், கால், கை, கை.

"வா."

"நவுருங்க கண்டக்டரே" என்றாள் ராதிகா.

அவர் நின்ற இடத்தில் நின்று ஒரு பிஞ்சை ஏந்திக்கொண்டாள். மகளின் பார்வை காயில் தொடங்கி, அதைப் பிடித்திருந்த விரல்களுக்கு ஏறி, வளையலில் நின்றது.

"வா."

ராதிகா காயைப் போட மறந்து நின்றாள்.

"வா!" இம்முறை அதட்டல். வரிசையே சிரித்தது.

லாரி காலியாகிக் கிளம்பும் நேரத்தில் மண்டிக்காரர் அப்துல் ஜலீல் வந்தார். உடைந்து கிடந்த காயையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? லோடு எறக்கற எடத்துல கொழந்தைய வுட்டுக்கினு. தலையில வுழுந்தா யாரு பதில் சொல்றது? நாளையிலேருந்து கூட்டியாராத. வேலைக்கு வர்றதுன்னா நீ மட்டும் வா."

கந்தசாமி குறுக்கே வந்தார். "பாய், இந்தப் புள்ள ஒரு லாரிய ஒண்டியா..."

"உங்க கதைய அப்புறம் வெச்சிக்குங்க" என்றவர் ராதிகாவிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இந்த ஆளு சொல்ற மாதிரி எதனா நடந்துச்சா?"

லாரி கிளம்பிப் போயிருந்தது. ஆட்கள் கை கழுவக் குழாயடிக்குப் போய்விட்டார்கள். எழில்மதி மட்டும் கால்களை அகற்றி, இரண்டு கைகளையும் விரித்து, திறந்திருந்த கேட்டைப் பார்த்து நின்றாள்.

"வா" என்றாள். "வா."

ராதிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நடந்துச்சி பாய். ஒரு லாரி பூரா அவதான் எறக்குனா."