சாவி போடாத சக்கரம்

மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று காலையில் மாப்பிள்ளை போன் செய்ததும் மோட்டார் அக்கா பையைத் தூக்கி, செருப்பையும் மாட்டிவிட்டாள். ஆனால் போனை வாங்கிய மகள் வேறு சொன்னாள்.

"அம்மா, நீ இப்ப வராத. குழந்தை பிறந்ததும் இவர் கூப்பிடுவார், அப்ப வா."

"ஏன்டி, பெத்தவ பக்கத்துல இருக்கக் கூடாதா?"

"நீ நர்ஸை விரட்டுவ, டாக்டரை விரட்டுவ, கடைசில நான்தான் உனக்கு ஆறுதல் சொல்லணும். இன்னிக்கு எனக்கு அதுக்குத் தெம்பு இல்லம்மா."

சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். உண்மையாக இருந்ததால் செருப்பைக் கழற்றினாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு என்று தோட்டச் சாமான் எது மக்கர் செய்தாலும் அங்கேதான் வரும். அதனால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அப்போது மேசைமேல் கிடந்தது, அவள் பிறப்பதற்கு முன்பே வார்த்த ஒரு புல்வெட்டி எஞ்சின். நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர், "ஓடினா ஓடட்டும், இல்லன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று இறக்கிவிட்டுப் போனது. துருவில் இறுகிய பிஸ்டனை எண்ணெயில் ஊறவைத்து, தட்டித் தட்டிக் கழற்றி, பாசி பிடித்த பாகங்களைப் பளபளக்கத் தேய்த்திருந்தாள். பூட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி.

கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று அதன் முன்னால் போய் நின்றாள். ஒரு போல்ட்டை முறுக்குவாள், போனைப் பார்ப்பாள். கார்புரேட்டரைத் திறந்து ஊதுவாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். போன் சட்டைப் பையில் இருந்தால் அடிப்பது கேட்காதோ என்று மேசைமேல் வைத்தாள். மேசைமேல் இருந்தால் எண்ணெய் படுமோ என்று மறுபடி பையில் போட்டாள்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவள் கணவர் டீயோடு வந்தார். "அதை நேத்தே துடைச்சிட்டியே?"

"துடைச்சா தேஞ்சா போயிடும்?"

"பிரசவம் அங்க நடக்குது. குட்டி போட்ட பூனை மாதிரி நீ ஏன் இங்க அலையிற?"

அவள் மறுபடி கார்புரேட்டரைத் திறந்து ஊதினாள். டீ ஆறிப் போனது.

மதியம் தாண்டியும் சேதி இல்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சினின் தலையில் கனமான இரும்புச் சக்கரத்தை ஏற்றினாள். அந்தச் சக்கரம் வழுக்காமல் இருக்க, அச்சுக்கும் அதற்கும் நடுவே நகத்தளவு சாவி ஒன்றைச் செருக வேண்டும். பாகங்களைப் பரப்பி வைத்திருந்த துணியிலிருந்து அதை எடுக்கக் கை நீட்டும்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். எவரோ ஒருவர், "அக்கா, என் பம்பு ரெடியா?" என்றார்.

"பம்பு நாசமாப் போகட்டும், போனை வைங்க!"

அந்தக் கோபத்தோடு திரும்பி வந்து நட்டை முறுக்கினாள். சாவி துணிமேலேயே கிடந்தது.

பெட்ரோல் ஊற்றினாள். இழுக்கும் கயிற்றுக்குக் கைப்பிடி இல்லை. கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், தானே சுற்றிக்கொண்டு இழுத்தாள். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தாள். சக்கரம் வழுக்கி, தீப்பொறி நேரத்துக்கு முந்திக்கொண்டு, எஞ்சின் பின்பக்கமாக உதைத்தது. கயிறு அவள் கையை வெடுக்கென்று உள்ளே இழுத்தது. மணிக்கட்டில் சுள்ளி ஒடியும் சத்தம்.

கணவர் ஓடி வந்தபோது தரையில் உட்கார்ந்து, "சாவி போடலைங்க, சாவி போடல" என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்சிக்காரர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரி" என்றாள் சட்டென்று. மகள் இருப்பதும் அங்கேதான்.

கணவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ஏம்மா, இதுக்காகவா கையை ஒடிச்சுக்கிட்ட?"

வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கணவர் எடுத்து அவள் காதில் வைத்தார். மாப்பிள்ளை குரல் உடைந்திருந்தது. "அத்தை, உடனே கிளம்புங்க. ரொம்ப நேரமாயிடுச்சு. அவ அம்மா அம்மான்னு அழறா. வீட்டுலேந்து வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"கீழதான் இருக்கேன் மாப்பிள்ளை."

"கீழயா?"

அதற்குள் எழுந்துவிட்டாள். "கட்டு காயட்டும்மா!" என்று கட்டுப் போட்டவர் கத்தினார். பாதிப் படியில்தான் அது அவள் காதில் ஏறியது.

வியர்வையில் நனைந்து கிடந்த மகள், அவளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா யாரையும் விரட்டவில்லை. வாயைத் திறந்தால் தன் முனகல்தான் வரும் போலிருந்தது. வலி வரும்போதெல்லாம் மகள் கையை நெரித்து இழுத்தாள். அந்த உலுக்கலில் ஒடிந்த கையும் ஆட, இருவரும் சேர்ந்தே அலறினார்கள்.

"இதுல யாருக்கும்மா பிரசவம்?" என்றார் நர்ஸ்.

மாலை வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு வீல் என்றது.

துடைத்துக் கொண்டுவந்த குழந்தையை நர்ஸ் நீட்டினார். அக்கா இரண்டு கையையும் நீட்டப் போய், மாவுக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் மகளும் அதைப் பார்த்தாள்.

"அம்மா! கைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, நீ தூங்கு. நான் வெளிய இருக்கேன்."

"வெளிய போகாத. இங்கயே உட்காரு."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை குழந்தையை அவள் மடியில் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டார். அவள் குழந்தையின் மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.