பதினாறு சுற்றுகள்

வாடகைக்கு வரும் இசைத்தாள்களில் யாருடைய பென்சிலோ கிறுக்கியிருக்கும். எங்களுக்கு முன் வாசித்த குழு எங்கே மூச்சு விட்டது, எங்கே அவசரப்பட்டது, எந்த இடத்தில் இசை நடத்துநரைத் திட்டியது என்பதெல்லாம் ஓரத்தில் கிடக்கும். அவற்றை அழித்துச் சுத்தமான தாளை மேடையில் வைப்பது என் வேலை. டென்மார்க்கின் மேற்குக் கரையில், எங்கள் ஊர் இசைக்குழுவுக்கு நான் இருபத்திரண்டு வருடமாக இசைத்தாள் காப்பாளர்.

அந்த வியாழக்கிழமைக் கச்சேரியை மால்தே நடத்தினான். வயது இருபத்தாறு. அவனை நிரந்தர நடத்துநராக எடுத்துக்கொள்வதா என்பதை நிர்வாகக் குழு அன்றைய கச்சேரியைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதாக இருந்தது. ஐந்து பேரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மால்தேக்கு அது தெரியும். மதியம் கேன்டீனில் ரொட்டித் துண்டு ஒன்றை அரை மணி நேரம் தட்டில் நகர்த்திக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

செல்லோ என்னும் பெரிய வயலினை வாசிக்க வந்தவர் அஸ்டா. நாடறிந்தவர், அறுபதைத் தொட்டவர். ஒத்திகையில் மால்தே நிமிடத்துக்கு நாலு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தான். அஸ்டா வில்லைக் கீழே இறக்கினார்.

"என்னையே பாக்காதப்பா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன். பின்னாடி ஹார்ன்காரங்க இருக்காங்க பாரு, ஓடுனா அவங்கதான் ஓடுவாங்க."

எல்லோரும் காலைத் தரையில் தேய்த்தார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு அதுதான் கைதட்டல். மால்தேயும் சிரித்தான், காது வரை சிவந்துபோய்.

ஹார்ன் என்றால் சுருண்ட பித்தளைக் குழல். அந்த இசையின் இரண்டாம் பகுதியில் செல்லோ வெகுநேரம் சும்மா இருக்கும். வயலின்கள் மட்டும் மெல்ல நகரும். பிறகு ஒரே ஒரு ஹார்ன் தனியாக ஒரு மெட்டை வாசிக்கும். அதன் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அஸ்டா நுழைய வேண்டும். ஹார்ன் இடம் தவறினால் எல்லாமே சரியும். சரிந்தால் பழி நடத்துநர் தலையில்.

எங்கள் முதல் ஹார்ன்காரர் ஃபிளெமிங்குக்குக் காலை ஒத்திகை முடிந்ததும் பல்வலி வந்து தாடை வீங்கிவிட்டது. பக்கத்து நகரத்திலிருந்து டோர்பென் என்பவர் நாலரை மணி ரயிலில் வந்து இறங்கினார். இந்த இசையை எப்போதோ ஒரு தடவை வாசித்திருக்கிறாராம். மால்தே அவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து முக்கியமான இடங்களைப் பாடிக் காட்டினான். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

கச்சேரி தொடங்கியது. நான் வழக்கம்போல் பக்கக் கதவின் இடுக்கில் நின்றேன். முதல் பகுதி பாதி போயிருக்கும், சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஃபிளெமிங் அனுப்பியிருந்தார். 'குட்ருன், ரெண்டாம் பகுதியில அந்தத் தாவல் குறி இன்னும் இருக்கு. டோர்பென்கிட்ட சொல்லியாச்சா?'

சொல்லவில்லை.

முன்பு வாசித்த குழு அந்த இடத்தில் பதினாறு தாளச் சுற்றுகளை வெட்டியிருந்தது. இங்கிருந்து அங்கே தாவு என்று பென்சிலில் கொட்டையாக ஒரு அம்புக்குறி. மற்ற எல்லாத் தாளிலும் அழித்துவிட்டேன். ஃபிளெமிங் தன் தாளைத் தொட விடமாட்டார், தன் மூச்சுக் குறிகளும் சேர்ந்து போய்விடும் என்பார். அவருக்கு அம்பு தெரியும், கண்டுகொள்ளாமல் வாசிப்பார். டோர்பென்னுக்குத் தெரியாது. அவர் கையில் தாளைக் கொடுத்தவள் நான். ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் இடைவெளியும் கிடையாது. நிறுத்தாமல் போவதாக மால்தேயும் அஸ்டாவும் முடிவு செய்திருந்தார்கள். இன்னும் ஆறேழு நிமிடம். மேடைக்குள் நடந்து போகவும் முடியாது.

ஒரு துண்டுத் தாளில் எழுதினேன்: 'முதல் ஹார்ன். ரெண்டாம் பகுதி. தாவ வேண்டாம், முழுசா வாசிக்கணும்.' கதவை ஒட்டி முரசு வாசிக்கும் ஸ்வென் இருந்தார். அவருக்கு அப்போது ஓய்வு. கதவிடுக்கில் கையை நீட்டினேன். அவர் தலையைத் திருப்பாமலே வாங்கிக்கொண்டார். என்ன, ஏது என்று ஒரு பார்வைகூட இல்லை. அடுத்திருந்தவர் எக்காளக்காரர். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஸ்வென் தாளை அவர் தொடைக்கடியில் செருகிவிட்டுத் தன் குச்சிகளை எடுத்தார்.

எக்காளம் நிற்கவே இல்லை. ஒரு பக்கம், இன்னொரு பக்கம். அஸ்டா அன்று உயிரைக் கொடுத்து வாசித்ததாக எல்லோரும் பின்னால் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அந்தத் தொடைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, என்னைத் தண்டிக்க வேண்டுமானால் தண்டியும், அந்தப் பிள்ளையை விட்டுவிடும் என்று வேண்டினேன்.

முதல் பகுதியின் கடைசி வரியில் எக்காளக்காரர் ஓய்ந்தார். படித்தார். முகம் மாறியது. இரண்டாம் ஹார்ன் வாசிக்கும் மெரெட்டாவிடம் நீட்டினார். மெரெட்டா வாங்குவதற்கும் இரண்டாம் பகுதி தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. வயலின்கள் மூச்சு விடுவதுபோல் அத்தனை மெதுவாக எடுத்தன. பின்வரிசையில் யாராவது இருமினால்கூடக் கேட்கும். அவள் அதைப் படித்துவிட்டு டோர்பென் பக்கம் நீட்டும்போது தாள் விரலிலிருந்து நழுவி நாற்காலிக்கடியில் போய்விட்டது. டோர்பென் பார்க்கவில்லை. மால்தேயின் கையைப் பார்த்துச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் ஹார்னைத் தூக்கினார். பதினாறு சுற்று முன்னால்.

உதடு வைத்துவிட்டார். மால்தேயின் வலது கை ஒரு கணம் தடுமாறியதை நான் பார்த்தேன். இடது கை மெல்ல மேலே எழுந்தது.

மெரெட்டா டோர்பென்னின் முழங்காலில் தன் கையை வைத்தாள்.

அன்று மாலைதான் அவர்கள் முதல் தடவை கைகுலுக்கியிருந்தார்கள். கண் முன்னால் தாள் ஒன்று சொல்கிறது, பக்கத்தில் முன்பின் அறியாத ஒருத்தியின் கை வேறொன்று சொல்கிறது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஹார்னை மடியில் இறக்கினார்.

இப்போது அவருக்கு எண்ணிக்கை இல்லை. எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மெரெட்டா கையை எடுக்கவில்லை. சுற்றுக்கு ஒருமுறை, ஒரு விரலால், அவர் முழங்காலில் தட்டினாள். ஒன்று. இரண்டு. நானும் கதவுக்குப் பின்னால் எண்ணினேன். ஒன்பதில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்புறம் அவளைத்தான் நம்பினேன். பதினைந்தில் அவர் ஹார்னை எடுத்தார். பதினாறில் அவள் கையை எடுத்தாள்.

அந்த மெட்டு வந்தது. கடைசிச் சுரத்தில் அஸ்டாவின் வில் இறங்கியது.

கைதட்டலின்போது நடத்துநர் யாரையாவது எழச் சொல்லிக் காட்டுவது வழக்கம். மால்தே முதலில் ஹார்னைக் காட்டினான். டோர்பென் எழுந்தார். எழுந்தவர் மெரெட்டாவின் முழங்கையைப் பிடித்து அவளையும் தூக்கி நிறுத்தினார். அந்தப் பகுதியில் ஒரு சுரம்கூட வாசிக்காதவள் அவள். சபைக்கு ஒன்றும் புரியாது, இருவருக்கும் சேர்த்துக் கைதட்டியது. மேடையில் காலெல்லாம் தரையைத் தேய்த்தன.

மால்தே வியர்த்துக் கொட்ட வெளியே வந்தான். "மெரெட்டா எதுக்கு எந்திரிச்சாங்க?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"டோர்பென் ஹார்னத் தூக்கினதப் பாத்தேன், குட்ருன். நான்தான் எண்ணிக்கைய விட்டுட்டேன்னு நெனைச்சேன். அவர வாசிக்கச் சொல்லிக் கை காட்டப் போயிட்டேன். இன்னும் ஒரு நொடி போயிருந்தா காட்டியிருப்பேன்."

இடைவேளையில் நிர்வாகக் குழுத் தலைவர் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஹார்ன் இடத்தில் எவ்வளவு நிதானம், இந்த வயதில் இப்படி ஒரு நிதானத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மால்தே முந்திக்கொண்டான்.

"அது நான் இல்லீங்க. அந்த இடத்துல நான் கலங்கிட்டேன். ரெண்டாவது ஹார்ன் மெரெட்டாதான் எங்களக் கரை சேத்தாங்க."

தலைவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. காப்பியைக் குடித்துக்கொண்டே போய்விட்டார். தவறான தாளைக் கொடுத்தது நான் என்று அவர் பின்னாலேயே போய்ச் சொன்னேன். தாவல் குறி என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. "அந்தப் பையன் ஏன் அத என்கிட்ட சொன்னான்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். உண்மை என்பதால் சொன்னான் என்றேன். திங்கட்கிழமை மூன்றுக்கு இரண்டில் அவனை எடுத்துக்கொண்டார்கள். தலைவர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று எனக்குத் தெரியாது.

அன்று இடைவேளை முடிந்து மணி அடித்தது. இரண்டாம் பாதிக்கு நடத்துநர் வயலின்களுக்கு நடுவே நேராக முன்னால் நடந்து போவதுதான் முறை. மால்தே பின்வரிசை வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். ஸ்வென்னின் தோளைத் தொட்டான், எக்காளக்காரர் கையைப் பிடித்தான். ஹார்ன்களிடம் குனிந்து ஏதோ சொன்னான். மெரெட்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.