வீட்டில் இருக்கச் சொன்ன ஆள்

மருந்துக் குளிர்கிடங்கின் கம்ப்ரசர்களைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்பார்கள். போட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்து அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே, பணியாளர் பிரிவு அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். இரண்டு மாத நோட்டீஸ் காலத்துக்கும் சம்பளம் உண்டு. ஆனால் வீட்டிலேயே இருக்க வேண்டும். கிடங்குப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மேனேஜரின் உத்தரவு அது.

"பத்து நாள் குடுங்க மேடம். உதவியாளருக்கு எல்லாத்தையும் காட்டிட்டுப் போறேன்" என்று அவர் கேட்டார். மேனேஜர் மசியவில்லை. அவளும் அவரிடம் வற்புறுத்தவில்லை.

ஐந்தாம் நாள் காலை பெரிய கம்ப்ரசர் நின்றுபோனது. மாற்றுக் கம்ப்ரசரைப் போட்டால், அரை நிமிடம் உறுமிவிட்டு அதுவும் அடங்கியது. உதவியாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் மருந்து அத்தனையும் குப்பை. சுவரிலிருந்த வெப்பநிலைப் பலகை ஐந்தரை காட்டியது.

"அவன்தான் எதையோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான்" என்றார் மேனேஜர்.

"நாலு நாள் ஒழுங்கா ஓடுச்சே சார். நோட்டீஸ் முடியற வரைக்கும் அவர் நம்ம ஆள்தான். நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள் அதிகாரி.

போனை அவர் எடுக்கவில்லை. காரை விரட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"உக்காருன்னதும் நீங்க, எழுந்திருன்றதும் நீங்க. அவர் என்ன பம்பரமா?"

பின்னாலேயே வந்த ஐஸ் அண்ணன், "எத்தன டிகிரி?" என்றுதான் முதலில் கேட்டார்.

"கிளம்பும்போது ஆறு."

செருப்பில் காலை நுழைத்தவர் நின்றுவிட்டார். "வேண்டாதவன் கைபட்டாலும் குத்தம், கால்பட்டாலும் குத்தம். நாளைக்கு நான்தான் கெடுத்தேன்னு சொல்ல மாட்டீங்களா?"

கிடங்கில் மேனேஜர் சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்குச் சுருக்கென்றது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து, 'நான் அழைத்ததால் வருகிறார். என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க."

அவர்கள் கிடங்குக்குள் நுழைந்தபோது பலகையில் ஏழு புள்ளி நான்கு. ஐஸ் அண்ணன் மாற்றுக் கம்ப்ரசருக்குப் பின்னால் ஊர்ந்து போனார். போன முறை பழுதுபார்த்தபோது அவரே வைத்த எண்ணெய் வால்வு அங்கே இருந்தது. வரைபடத்தில் அது கிடையாது. கம்ப்ரசர் சும்மா நிற்கும்போது பாதி மூடிவைக்கும் அதைத் திருகித் திறந்தார்.

கம்ப்ரசர் உறுமியது. அரை நிமிடம் போனது. இரண்டு நிமிடம். எண் ஏழு புள்ளி எட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. பிறகு ஏழு புள்ளி ஏழு.

"சரி, வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார் மேனேஜர்.

"பத்து நாள் இருப்பாரு சார். இல்லன்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

மேனேஜர் அவளை முறைத்தார். பிறகு படியேறிப் போய்விட்டார்.

பத்து நாளும் உதவியாளர் ஐஸ் அண்ணனின் நிழலாகவே திரிந்தார். கடைசி நாள் வாசல் வரை வந்த அவள், "அன்னிக்கே நான் பேசியிருக்கணும்" என்றாள்.

"பேசியிருக்கலாம்" என்றார் அவர். கை குலுக்கிவிட்டுப் போனார்.