ஏழும் உள்ளேயே

பாஸ்தியன் துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனதைப் பார்த்ததும் கான்சிங் காபிக் கெண்டியை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் காவலிருக்கும் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

“உள்ள வராதீங்க நோங்.”

“முகத்தை ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன், இண்டாய். இன்னிக்கு எடுக்கறாங்களே” என்று தங்கையிடம் கேட்பதுபோலக் கேட்டார் பாஸ்தியன்.

“உங்க மேகசின் அவனைக் கொன்னது போதாதா? முகத்தை வேற பாக்கணுமா?”

அண்ணன் முறை வைத்து ‘நோங்’ என்றே கூப்பிட்டாலும், அவள் நினைத்ததைவிடக் குரல் உரத்துவிட்டது. சீட்டுகள் நின்றன. பாஸ்தியன் பாதி கழற்றிய செருப்புக்குள் காலை மறுபடி நுழைத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், பிஸ்டலில் தோட்டா அடுக்கிச் செருகும் மேகசினை வீட்டுப் பட்டறையில் செய்பவர். தெருவில் இறங்கி ஓரமாக நடந்து போனார்.

“சரியாச் சொன்னீங்க மானாங்” என்றாள், இறந்த டென்சியோவின் மனைவி மெல்பா. இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

டென்சியோ, கான்சிங்கின் ஒரே தம்பி; அவனும் அவளை ‘மானாங்’, அக்கா, என்றுதான் கூப்பிடுவான். மண்டாவேயில் ஓர் இரும்புச் சாமான் கடைக்குக் காவலாளி. போன சனிக்கிழமை பகலில் கடைக்குள் வந்த இரண்டு பேர் அவனைச் சுட்டுவிட்டு கல்லாவை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலைவரை ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது. கான்சிங் மட்டும் பக்கத்தில் இருந்தபோது பேசினான்.

“மானாங், குண்டு மேல ஏறல. ரெண்டு தடவ இழுத்தேன். சிக்கிக்கிச்சு.”

அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. தொங்கிய சலைன் புட்டியைப் பார்த்துச் சொன்னான். அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிலிப்பைன்ஸின் டனாவ் ஊரில் இதைக் கேட்டு ‘அப்படியென்றால் என்ன’ என்று யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பாதி ஊர் பிஸ்டல் செய்தே சாப்பிடுகிறது. கான்சிங்கே ஒரு பிஸ்டல் கம்பெனியில் பதினாலு வருடமாகக் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். முடிந்து வரும் ஒவ்வொரு பிஸ்டலிலும் அதற்கான மேகசினைச் செருகி, அடியிலுள்ள ஸ்பிரிங் தள்ள ஏழு தோட்டாவும் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு பிஸ்டலுக்குச் சேரும் மேகசின் அதே மாதிரியான இன்னொன்றில் முரண்டு பிடிக்கும். தோட்டாவைப் பிடித்து நிற்கும் இரண்டு மடிப்புகளை உதடு என்பார்கள். அது மயிரிழை அகன்றுபோனாலும் தோட்டா தலையைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். டென்சியோவை வேலைக்கு வைத்த காவல் ஏஜென்சி கொடுத்த மேகசின் அப்படித்தான் தேய்ந்துபோயிருந்தது. “கம்பெனியிலேயே ஒண்ணு வாங்கிக்கடா” என்றாள். “பாஸ்தியன் என் பிஸ்டலையே கையில வச்சு அளவெடுத்துச் செய்வாரு மானாங். உங்க கம்பெனியில அப்படிச் செய்வாங்களா?” என்று சிரித்துவிட்டு அவரிடமே வாங்கிக்கொண்டான்.

அதனால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் அவள் வாயில் வந்த முதல் பெயர் பாஸ்தியன். மெல்பாவிடம் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள், கம்பெனியில் சொன்னாள். இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பத்து மணிக்கு ஏஜென்சி ஆள் வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. சவப்பெட்டியின் முன் சிலுவை போட்டுக்கொண்டு, கான்சிங்கைத் தனியாகச் சமையலறைக்கு அழைத்தார். கையில் பிளாஸ்டிக் பை. பெல்ட், விசில், ஒரு மேகசின்.

“பிஸ்டலும் தோட்டாவும் எங்களது. மேகசின் எங்க லிஸ்ட்ல இல்ல, அவரோட சொந்தம்னு போலீஸ்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. ஒரு கையெழுத்துப் போடணும்மா.”

“மெல்பாவைக் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்” என்றார் சட்டென்று. “நீங்களே போடுங்க.”

கையெழுத்துப் போடும் தாளோடு போலீஸ் எடுத்த குறிப்பின் நகல் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கான்சிங் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவள்.

பிஸ்டல் ஒன்று. இடுப்பு உறையில், உறைப் பொத்தான் பூட்டிய நிலையில். மேகசின் ஒன்று, பிஸ்டலுக்குள். தோட்டா ஏழு, ஏழும் மேகசினில். குழல் காலி.

மறுபடி படித்தாள். ஒரு தடவை பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்திருந்தால்கூட மேல் தோட்டா மேகசினைவிட்டு நகர்ந்திருக்கும். சிக்கினாலும் நகர்ந்துதான் சிக்கும். அதெல்லாம்கூட வேண்டாம். உறையின் பொத்தானே திறக்கப்படவில்லை.

அவள் தலையைத் தூக்காமல் இருந்தாள். அந்த ஆள் தண்ணீர்ப் பானையைப் பார்த்தபடி பேசினார்.

“பயம் வந்துட்டா கை வராதும்மா. எனக்கும் ஒரு தடவ வரல. நான் உயிரோட இருக்கேன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அந்த இரக்கம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் போன பிறகு, கம்பெனிப் பையிலிருந்து சோதனைக்கு வைத்திருக்கும் வெற்றுத் தோட்டாக்களை எடுத்து மேகசினில் நிரப்பினாள். ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளினாள். ஒன்று போனதும் அடுத்தது அதே உயரத்துக்கு, அதே சாய்வில் வந்து நின்றது. உதடுகளைக் கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தார் மனுஷர். அவள் மேசைக்கு வந்திருந்தால் முதல் தடவையிலேயே முத்திரை வாங்கியிருக்கும்.

கூடத்தில் யாரோ ஒருவன் சொன்னான்: “டென்சியோ இருந்தா இந்நேரம் ஒரு சீட்டை முழங்காலுக்கடியில ஒளிச்சு வச்சிருப்பான்.” எல்லோரும் சிரித்தார்கள். மெல்பாவும் சிரித்தாள். கான்சிங்குக்குத் தம்பியை நினைத்து முகம் சுட்டது. ஐந்து நாளாகப் பெட்டிக்குள் கிடப்பவனை நினைத்து வெட்கப்படுகிறோமே என்று அதற்குமேல் சுட்டது.

பின்வாசல் வழியாக இறங்கிப் பாஸ்தியன் வீட்டுக்குப் போனாள்.

அவர் பட்டறை முற்றத்தில் குந்தியிருந்தார். செய்து வைத்திருந்த மேகசின்களை ஒவ்வொன்றாகக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டிருந்தார். முப்பதுக்கு மேல் தட்டையாகக் கிடந்தன.

“எது இண்டாய்?” என்றார் நிமிராமல். “இடது உதடா? அது செய்யறப்ப எனக்குக் கண்ணுல கட்டி. இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா விட்டுட்டேனோன்னு அஞ்சு நாளா யோசிக்கறேன்.”

“நிறுத்துங்க நோங்.”

“ஸ்பிரிங்கா இருந்தா கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான்னு அர்த்தம். உதடுன்னா நான்தான்.”

“உங்க மேகசின்ல ஒரு குறையும் இல்ல. இப்பதான் பாத்தேன். ஏழும் சரியா ஏறுது.”

சுத்தியல் நின்றது. “அப்புறம் எப்படிச் சிக்குச்சு?”

“சிக்கல. அவன் உறையிலேர்ந்து எடுக்கவே இல்ல. எங்கிட்டப் பொய் சொல்லிட்டான்.”

பாஸ்தியன் சுத்தியலைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்து மெதுவாக எழுந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்வார், செத்தவனை விடு என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். வரும் வழியெல்லாம் அதைத்தான் எதிர்பார்த்து வந்திருக்கிறோம் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

“வாசல்ல வச்சு எத்தனை பேரு முன்னாடி சொன்ன?”

அவள் கல்லில் கிடந்த மேகசினைப் பார்த்தாள்.

“அத்தனை பேரு முன்னாடியும் போய்ச் சொல்லு.”

“அவன் பிள்ளைங்க இருக்கு நோங். அப்பன் சண்டை போட்டுச் செத்தான்னு நினைச்சுட்டிருக்குங்க.”

“எனக்கும் மக இருக்கா. புதன்கிழமையிலேர்ந்து அவ பள்ளிக்கூடம் போகல. ஏன்னு போய்க் கேளு.” நசுங்கிய தகடுகளைக் காலால் ஒதுக்கினார். “ரெண்டு மணிக்குத்தானே எடுக்கறாங்க? வரேன். நீ சொல்ற.”

இரண்டு மணிக்கு வெயில் தார்ச்சாலையை உருக்கியது. வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஆறு பேர் பெட்டியை வாசற்படி தாண்டி இறக்கும்போது பாஸ்தியன் எதிரே வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“இந்தாளை யாரு வரச் சொன்னது?” என்று மெல்பா கத்தினாள். “போகச் சொல்லுங்க! மானாங், நீங்க சொல்லுங்க!”

பெட்டியோடு எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாஸ்தியன் கான்சிங்கை மட்டும் பார்த்தார். மெல்பாவின் மூத்த மகன் அப்பாவின் விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தான்.

“அவர் மேல தப்பில்ல” என்றாள் கான்சிங்.

“என்ன?”

“மேகசின் நல்லாத்தான் இருந்துச்சு. போன மாசம் டென்சியோ தொடைச்சுக் குடுன்னு எங்கிட்டக் குடுத்தான். பிரிச்சு மாட்டறப்ப ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டிட்டேன். அதான் குண்டு ஏறல.” கையைப் பாஸ்தியன் பக்கம் நீட்டினாள். “தெரிஞ்சுக்கிட்டேதான் நோங் மேல பழியைப் போட்டேன்.”

கடைசி மேசைக்காரி. பதினாலு வருடம். கம்பெனி மேற்பார்வையாளர் பெட்டியின் ஒரு மூலையைச் சுமந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஒரு பெண் ‘கடவுளே’ என்றாள். மெல்பா பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பாஸ்தியன் வாயைத் திறந்தார். விசில் மாட்டிய பையனைப் பார்த்தார். பிறகு போய்ப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் பிடித்திருந்தவன் கையை நகர்த்தி இடம்விட்டான்.

கல்லறைவரை கான்சிங் கடைசியாக நடந்தாள். குடை வைத்திருந்தவர்கள் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் நெருப்புச் சட்டி புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கொய்யா இலை போட்ட தண்ணீர் அண்டா. சாவு கூடவே வராமலிருக்க, கல்லறைக்குப் போய்வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புகையைத் தாண்டிக் கையை நீட்டினார்கள். மெல்பா குவளையால் மொண்டு ஊற்றினாள். பாஸ்தியன் கைக்கும் ஊற்றினாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு குவளை. அவர் கையை உதறிவிட்டு உள்ளே போனார், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.

கான்சிங் புகையைத் தாண்டி வந்தாள். மெல்பா குவளையை அண்டாவின் விளிம்பில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படியேறினாள்.

கான்சிங் வலது கையால் குவளையை எடுத்து மொண்டு இடது கையில் ஊற்றினாள். பிறகு கை மாற்றி, இன்னொரு தடவை மொண்டாள்.